உயிர்த்த ஞாயிறுக்கு ஓர் ஒப்பாரி

"நீங்களே கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க ஆண்டவரே, உப்பு பத்துமா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பிசைந்த கெட்டித் தயிரில் ஒரு விரலளவு எடுத்து ஜிபார் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். ஆண்டவர் சார்பில் அவளே முகத்தைச் சுளிக்கிறாள். இன்னும் ஒரு கை உப்பு விழுகிறது. பிறகு உருட்டத் தொடங்குகிறாள். இரவெல்லாம் துணிப்பையில் தொங்கி நீர் வடிந்த தயிர், அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சுற்று சுற்றி உருண்டையாகிப் பலகையில் போய் உட்காருகிறது. வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டால் அதுதான் குருத். கொச்கோர் சந்தையில் லாரிக்காரர்கள் முதல் பள்ளிக்கூட வாத்தியார்கள் வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிவது ஜிபார் உருட்டிய குருத்தைத்தான்.

உருட்டும்போது வாய் சும்மா இருக்காது. பாடுவது துதி. ராகம் ஒப்பாரி. "எனக்கு வேற ராகம் வராது. கழுதை குதிரை மாதிரி கனைக்குமா?" என்பாள். அவளைப் பற்றி இந்த ஊரில் நடக்கிற சண்டை எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறது.

ஆள் குள்ளம். தோள் அகலம். தலையில் எப்போதும் இரண்டு முக்காடு இருக்கும். உள்ளே பூப்போட்டது, மேலே வெள்ளை. ஜெபம் செய்யும்போது மட்டும் வெள்ளையைக் கழற்றி உதறி மறுபடி கட்டிக்கொள்வாள். "சந்தை அழுக்கோட அவர் முன்னாடி நிக்கக் கூடாது பாரு." ஜெபம் முடிந்ததும் இந்த ஊர் முஸ்லிம்கள் எல்லோரையும் போல இரண்டு கைகளாலும் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொள்வாள். சபையில் இருக்கும் இளவட்டங்களுக்கு அது சிரிப்பு. அவர்கள் தலைநகர் பிஷ்கேக்கில் கற்றுக்கொண்டு வந்தபடி கைகளை உயரத் தூக்கி ஆடுவார்கள். ஜிபாருக்கு அது சிரிப்பு. ஆகக் கணக்கு சரியாகிவிடுகிறது.

சந்தையில் அவள் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டும். "இந்தம்மா பத்து சோம் குறைக்கச் சொல்றா ஆண்டவரே. குறைக்கவா? ... குறைக்க வேணாம்னு சொல்றார் தங்கச்சி, நான் என்ன பண்ணட்டும்!" வாங்க வந்தவள் சிரித்துவிடுவாள். சிரித்தவளுக்கு ஓர் உருண்டை கொசுறு. சிலர் சிரிக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கியவள் கை பட்டது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். ஜிபார் அவர்கள் முதுகைப் பார்த்து, "போய்ட்டு வா கண்ணு, அந்தக் குருத் நாறும், நாளைக்கு இங்கதான் வருவ" என்று வாயார வாழ்த்தி அனுப்புவாள். நிறையப் பேர் மறுநாள் வந்தும் இருக்கிறார்கள்.

ஈசாவை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அவள் சந்தையில் உட்கார்ந்ததே இல்லை. சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் முதலில் ஆள் போவது ஜிபார் வீட்டுக்குத்தான், அப்புறம்தான் குழிவெட்ட. செத்தவர் யார், எந்த வம்சம், எந்தக் குதிரையில் ஏறினார், யாருக்குக் கடைசிவரை அண்ணனாக இருந்தார் என்று வழியிலேயே நாலு கேள்வி கேட்டுக்கொள்வாள். போய் உட்கார்ந்து குரல் எடுத்தால், செத்தவரோடு ஜென்மப் பகை வைத்திருந்தவனும் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் எழுந்து போவான். போன இடமெல்லாம் துணிமணி கொடுத்து மரியாதை செய்து அனுப்பினார்கள்.

அவள் மனம் திரும்பிய கதையும் தொழில் கதைதான். பால் வாங்கப் போன வீட்டில் ஒரு பெண் வேதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். விடியும் முன்னே வாசனைத் திரவியம் எடுத்துக்கொண்டு பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள் என்று வந்ததும் ஜிபார் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம ஆளுங்க! இவங்க நம்ம தொழில்காரிங்க!" கல் புரண்டு கிடக்கிறது, உள்ளே உடல் இல்லை, உயிரோடு எழுந்துவிட்டார் என்று அந்தப் பெண் மேலே படித்தாள். ஜிபாருக்கு ஆறவேயில்லை. "அழ வந்தவளுக்கு அழ வேலையே இல்லையா? இப்படி ஒரு சாவு வீட்டை நான் பார்த்ததே இல்லையே! அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க? என்ன பாடிக்கிட்டுத் திரும்பிப் போனாங்க?" வேதத்தில் அது எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கேட்டுக் கேட்டுப் போய், கடைசியில் ஆற்றில் இறங்கி முழுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதோடு சாவு வீடுகள் அவளுக்கு அடைத்துக்கொண்டன. தம்பி பெய்ஷென்தான் முதலில் அடைத்தவன். குதிரை வியாபாரி, ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள், அக்கா என்றால் உயிர். அதனால்தான் அவ்வளவு கோபம். பெற்ற அம்மா செத்தபோது அவளைப் பாட விடவில்லை. அடுப்பங்கரையில் உட்கார வைத்துவிட்டு வேறொருத்தியைக் கூட்டி வந்தான். அவளோ அம்மாவின் வம்சப் பெயரையே மாற்றிப் பாடினாள். ஜிபார் வாயில் முக்காட்டு நுனியை அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த வலி இன்னும் இருக்கிறது, இல்லை என்று அவள் பொய் சொல்வதில்லை. "ஆனா அவன் மேல கோவம் இல்ல. அவனுக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தானே அவன் ஆண்டவருக்குப் பயப்படுவான்?" அன்றிலிருந்து பெய்ஷென் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

சரி, சபையாவது கொண்டாடியதா? அதுவும் இல்லை. முதல் தடவை ஆராதனையில் அவள் வாயைத் திறந்ததும், முன்வரிசையில் இருந்த இருவர் விம்மினார்கள், ஒரு கைக்குழந்தை வீறிட்டது, ஒரு மனிதர் செத்துப்போன தன் அப்பாவை நினைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். போதகர் எர்மெக் வயதில் சின்னவர், நல்லவர், பயந்த சுபாவம்.

"அக்கா, இது துதி நேரம். சாவு வீடு இல்ல. கொஞ்சம் சந்தோஷமாப் பாடுங்களேன்."

"நான் சந்தோஷமாத்தானே தம்பி பாடுறேன்?"

"கேக்கிறவங்களுக்கு அப்படித் தெரியலையே."

"அவருக்குத் தெரியுமில்ல?"

எர்மெக் தலையைச் சொறிந்தார். ஆனாலும் மெதுவாகப் பாடுங்கள் என்றார். ஜிபார் மெதுவாகப் பாடினாள். அவள் மெதுவாகப் பாடினால் தெருவோடு நிற்கும், அடுத்த தெருவுக்குப் போகாது.

இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். கல்லறைக்குப் போன அந்தப் பெண்களின் பாட்டு. முதல் பாதி அவர்கள் அழுதுகொண்டே போனது. இரண்டாம் பாதி, வேதத்தில் எழுதாமல் விட்டது, அவர்கள் திரும்பி வந்தபோது பாடியது. அடுப்புக்கு வறட்டி தள்ளும்போதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் ஒவ்வொரு வரியாக வந்து சேர்ந்தது. இருந்த ஒரே சொத்தை எடுத்து ஆண்டவர் காலடியில் வைக்கப் போகிறோம் என்று அவளுக்குள் ஒரே பூரிப்பு. உயிர்த்த ஞாயிறன்று பாடலாம் என்று எர்மெக்கும் ஒருவழியாகத் தலையாட்டினார்.

அந்த ஞாயிறு பார்த்துப் பிஷ்கேக்கிலிருந்து ஒரு பாட்டுக்குழு வந்து இறங்கியது. கிட்டார், ஒலிபெருக்கி, ஒரே மாதிரி சட்டை. ஜிபாரை அழைத்து ஜனங்களைப் பார்த்தபடி நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவளுக்குக் குரல் வரவில்லை. ஒப்பாரிக்காரி சுவரைப் பார்த்துத்தான் பாடுவாள். அழுகிறவள் முகத்தை நாலு பேர் பார்க்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். நேரே பத்து முகங்களைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பாடுவது? மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எடுத்தாள்.

*பொழுது விடியுமுன்னே புறப்பட்டு வந்தோமே,*
*புரட்ட முடியாத கல்லொண்ணு நிக்குதே...*

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாவம், முதுகு பாடுவதை அவர்கள் பார்த்ததில்லை. பாட்டு மேலே போகப் போக விருந்தாளிகள் நெளிந்தார்கள். உயிர்த்த நாளில் இதென்ன இழவுப்பாட்டு என்று குழுத்தலைவன் எர்மெக்கின் காதைக் கடித்தான். எர்மெக் தர்மசங்கடமாக எழுந்து, "ஆமென், ஆமென், போதும் அக்கா, நேரமாச்சு" என்றார். அதற்குள் கிட்டார் ஆரம்பித்துவிட்டது. கல்லறை வாசலில், கல் புரளாமலே, பாட்டு நின்றுபோனது.

ஜிபார் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஆனால் அந்தப் பிள்ளைகள் பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் கை சிவக்கக் கை தட்டினாள், ஒப்புக்குத் தட்டவில்லை. பிறகு எல்லோருக்கும் புலாவ் பரிமாறினாள், சட்டி கழுவினாள், விருந்தாளிகளுக்குக் குருத் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "நல்லா இருந்துச்சு கண்ணுங்களா, ஆண்டவர் உங்க தொண்டையைக் காப்பாத்தட்டும்" என்று வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் கணவர் கலில் கட்டிலில் கிடந்தார். சில நாளாகவே பல்வலி. தாடை வீங்கி, வலி பொறுக்காமல் ஜிபாரின் மாற்று வெள்ளை முக்காட்டை எடுத்து மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு மல்லாந்து தூங்கினார். ஜிபார் அவரை எழுப்பவில்லை. பண்டிகை நாள் என்று அடுப்பு மூட்டி எண்ணெய் வைத்து, மாவைத் துண்டு போட்டுப் போர்சோக் பொரித்து எடுத்தாள். ஜன்னலைத் திறந்து புகையைப் போக விட்டாள். பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவரே, உங்களுக்குப் பாதிதான் கிடைச்சுது. அது உங்களுக்கும் நல்லா இல்ல, எனக்கும் நல்லா இல்ல. முழுசாக் குடுத்துடுறேன், வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி முதலிலிருந்து எடுத்தாள். மெதுவாக அல்ல.

இப்போது பக்கத்து வீட்டு அனார்குல் இடத்தில் இருந்து பாருங்கள். பண்டிகை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. செத்தவர் பேரில் எண்ணெயில் பொரிப்பது இங்கே வழக்கம், அந்த வாசனை வருகிறது. ஜிபார் ஒப்பாரி வைப்பது கேட்கிறது. ஓடிவந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், நாடி கட்டிய கலில் மல்லாந்து கிடக்கிறார், பக்கத்தில் பெண்டாட்டி சுவரைப் பார்த்து அழுகிறாள். யாருக்குத்தான் சந்தேகம் வரும்? "ஐயோ, கலில் அண்ணன் போய்ட்டாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். சந்தைவரை செய்தி போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

பெண்கள் முதலில் வந்தார்கள். சத்தமில்லாமல் உள்ளே வந்து ஜிபாரின் இரண்டு பக்கமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவள் தோளில் கை வைத்து, கூடவே குரல் எடுத்து அழுதார்கள். ஜிபார் ஓரக்கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்தாள். சபை கேட்க மறுத்த பாட்டுக்கு ஆண்டவரே ஆள் அனுப்பியிருக்கிறார்! ஈசாவுக்காக இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அழுகிறார்கள்! கண்ணில் தண்ணீர் கொட்ட அவள் இன்னும் ஒரு கட்டை ஏற்றினாள்.

வெளியே ஆண்கள் வந்துவிட்டார்கள். சாவு வீட்டுக்கு வருகிறவன் தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு வர வேண்டும். முன்னால் வந்தவன் பெய்ஷென். அங்கியின் மேல் துக்கத்துக்கு அடையாளமான இடுப்பு வார் கட்டி, கோலை ஊன்றி, வருஷக்கணக்காக மிதிக்காத வாசலை மிதித்துக்கொண்டு நின்றான்.

"என் மச்சானே! நான் அண்ணாந்து பார்த்த மலையே! வாசல் நிறைஞ்ச சிங்கமே! ஒரு வார்த்தை பேசாம போய்ட்டியே!"

வெளியே ஆண் குரல் கேட்டால் உள்ளிருந்து ஒப்பாரிக்காரி பதில் குரல் கொடுப்பாள். பழக்க தோஷம், ஜிபாரும் கொடுத்தாள். அதைக் கேட்டு பெய்ஷென் நொறுங்கிப்போனான். "மச்சானே, உன்னைப்போல பெருந்தன்மை யாருக்கு வரும்! உன்கிட்ட முகங்கொடுத்துப் பேசாம இருந்த பாவி நான்!"

கலில் இதற்கு நடுவில் எப்போதோ விழித்துவிட்டார். கண்ணை மூடியபடியே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். மலை, சிங்கம், பெருந்தன்மை எல்லாம் தன்னைத்தான் என்று புரிந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா பெய்ஷென், இதை முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?"

பெண்கள் அலறியடித்துக்கொண்டு கதவில் நெருக்கினார்கள். அனார்குல் மயங்கப் பார்த்து, யாரும் பிடிக்காததால் மயங்கவில்லை. முற்றத்தில் ஒருவர் துக்கத்துக்கு ஓட்டிவந்த ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி, "அப்ப ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போறதா, வேணாமா?" என்று எல்லோரையும் கேட்டார்.

அப்புறம் கிளம்பியது பாருங்கள் வசவு.

"உசிரோட இருக்கிற புருஷனுக்கு ஒப்பாரி வைக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்றாள் அனார்குல். "சாவை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிறா!"

"மதம் மாறுனா மூளையும் மாறிடுமா?" என்றார் ஆட்டுக்காரர்.

பெய்ஷென் முகம் செத்துப்போயிருந்தது. ஊரார் முன்னால் கதறிய கண்ணீர் இன்னும் கன்னத்தில் காயவில்லை. நிலைப்படிக்குள் வந்து நின்றான்.

"யாருக்குக்கா அழுத? சொல்லு. யாருக்கு?"

ஜிபார் சுவரடியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். திட்டு அவள் காதில் விழவே இல்லை போலிருந்தது. அவன் வாசல் தாண்டி உள்ளே நிற்கிறான் என்பதுதான் கண்ணில் பட்டது.

"ஈசாவுக்குடா."

"அவர் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு! இப்ப என்ன புதுசா அழுகை?"

"அழுகை பாதிதான் தம்பி. அழுதுகிட்டுப் போனவங்க திரும்பி வந்தது மீதிப் பாட்டுல இருக்கு. காலையில சபையில பாதியிலே நிறுத்திட்டாங்க. இப்ப நீங்க வந்து நிறுத்திட்டீங்க." அவள் சிரித்தாள். "அவருக்கு இன்னும் முழுசாப் போய்ச் சேரலடா. அதான் ஒரு குறை. நீங்க திட்டுறதைத் திட்டிக்குங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கூட்டம் பெய்ஷெனைப் பார்த்தது. அவன் இடுப்பு வாரை அவிழ்க்கப் போனான். முடிச்சில் கை வைத்தவன் அப்படியே நின்றான். வெளியே ஆடு கத்தியது. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சபையிலயா நிறுத்துனாங்க?" என்றான்.

"ஆமா."

"நீ பாடும்போதா? எங்கக்கா பாடும்போது நடுவுல எவன் நிறுத்துனான்?"

தன் அம்மாவின் சாவில் அவளைப் பாடவே விடாதவன் யார் என்று யாரும் அவனுக்கு நினைவூட்டவில்லை. அவனுக்கே நினைவு வந்திருக்க வேண்டும், தரையைப் பார்த்தான். பிறகு கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிலைப்படியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"பாதி ஒப்பாரியைக் கேட்டுட்டு நான் எழுந்து போக மாட்டேன். முடி. திட்டுறதை அப்புறம் திட்டுறேன்."

அவன் உட்கார்ந்ததும் ஆண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே பழைய இடத்துக்கு வந்தார்கள். "நான் இன்னொரு தடவை படுத்துக்கட்டுமா?" என்று கேட்ட கலிலை அனார்குல் ஒரு முறை முறைத்தாள்.

ஜிபார் சுவரைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

*மலைபோல நின்னவரே, மண்ணுக்கு என்ன அவசரம்,*
*மாரடிச்சு அழுதிடவும் முகம் மறைச்சுப் போனீரே...*

கல் வந்தது. கல்லறை வாசல் வந்தது. முதல் பாதியின் கடைசி வரி முடிந்து, ஜிபார் மூச்சு எடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றினாள். சுவரை விட்டு முழு உடம்பையும் திருப்பி, தம்பி, அனார்குல், ஆட்டுக்கயிற்றோடு எட்டிப் பார்த்தவர் என்று அத்தனை பேர் முகத்தையும் நேருக்கு நேராகப் பார்த்து உட்கார்ந்து, ஈரமான தன் முகத்தைத் துடைக்காமல் மீதியைப் பாடத் தொடங்கினாள்.